தண்ணீருக்கு வந்த மான்

ஆவணி 10, ஞாயிறு

மச்சானுடன் வன்னிக்கு மான் வேட்டைக்குப் போனேன். விடியலில் இருந்து அலைந்தும் ஒன்றும் அகப்படவில்லை. திரும்புவோம் என்றான். நான்தான் மறித்தேன்.

"பொறும் மச்சான். வெயில் ஏறினால் தாகத்துக்குத் தானா வரும். தண்ணி விக்கிற எனக்குத் தெரியாதே?"

சொன்னபடியே பின்னேரம் வற்றிக்கொண்டிருந்த குளத்துக்கு ஒரு பெண்மான் வந்தது. எங்களைக் கண்டும் ஓடவில்லை, குனிந்து குடித்தது. மச்சான் துவக்கைத் தாழ்த்தினான்.

"குடிச்சுப்போட்டுப் போகட்டும்."

நான் துவக்கை வாங்கிச் சுட்டேன்.

மண்கும்பானில் எங்கள் வீட்டுக்கு இறைச்சியோடு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

"தண்ணிக்கு வந்ததையோ சுட்டனீங்கள்? உந்த இறைச்சியை என்னாலை சமைக்க ஏலாது."

"மான்தானே?"

"ஓம். உங்கடை தண்ணிப் பவுசரைக் கண்டால் சனமும் அப்பிடித்தான் வருது."

கோடையில் என் கிணற்றுத் தண்ணீர்தான் பக்கத்து ஊர்களுக்குப் போகிறது. காலையில் ஒரு விலை, வெயில் ஏறினால் வேறு விலை. பின்னேரம் வருபவர்கள் பேரம் பேசுவதில்லை. அதை என் கெட்டித்தனம் என்றே நினைத்திருந்தேன்.

நாளை பவுசரோடு நான் போகமாட்டேன். ட்ரைவரை அனுப்பலாம். பின்னேர விலை என்னவென்று அவன் கேட்பான்.