நாவின் வரைபடம்

ஜூலை 8, செவ்வாய்

வணிகவியல் இரண்டாமாண்டு மாணவர்களுக்கு இன்று சுவையைப் பற்றிய பாடம். "நுனியில் இனிப்பு, அதன் இருமருங்கிலும் உவர்ப்பு, பின்விளிம்புகளில் புளிப்பு, அடிநாவில் கசப்பு என இயற்கை நால்வகைச் சுவைக்கும் நால்வேறு இடம் ஒதுக்கித் தந்துள்ளது" என்று தொடங்கினேன். வாக்கியம் நன்கு அமைந்தது. கட்டாயப் பாடமான உயிரியல் நமக்கெதற்கு என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இப்பாடத்தை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. துணிக்கடையில் வேலை பார்த்தபடியே, பழைய புத்தகமொன்றிலிருந்து நானாகக் கற்றது. பட்டங்கள் அஞ்சல் வழியில் பின்னால் வந்தன. துறைத்தலைவர் இதைத் தாமும் மறப்பதில்லை, பிறரையும் மறக்க விடுவதில்லை. என் தற்காலிகப் பணி நிரந்தரமாவது, பருவ இறுதியில் அவர் தரப்போகும் பரிந்துரையில்தான் இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

செய்முறை வகுப்பு. சர்க்கரை நீர், உப்பு நீர், எலுமிச்சைச் சாறு, கறுப்புக் காப்பி, பஞ்சு சுற்றிய குச்சிகள். எந்தச் சுவை எங்கே தெரிகிறதென்று நாக்குப் படம் வரைந்து நிறமிட வேண்டும். எல்லோர் படமும் சுவரிலுள்ள படத்தோடு அச்சு அசலாகப் பொருந்தியது. ஒருத்தி மட்டும், எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வகுப்பே 'வக்கீல்' என்றழைக்கும் பெண், நடுவில் சற்று விட்டு நாக்கு முழுவதும் நான்கு நிறங்களையும் கலந்து பூசியிருந்தாள்.

"என்னம்மா இது?"

"நடுவுல கொஞ்சம் தவிர எனக்கு எல்லா இடத்துலயும் எல்லாம் தெரியுது மேடம்."

"எச்சில்ல கலந்து பரவியிருக்கும். திரும்பச் செய்."

"செஞ்சு செஞ்சு வாயே மரத்துப்போச்சு மேடம். என் நாக்கு எனக்குத் தெரியாதா?"

வகுப்பு சிரித்தது. 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் எழுதி, மதிப்பெண் தராமல் திருப்பிக் கொடுத்தேன்.

ஜூலை 11

அந்தப் பெண் சொன்னது ஏன் இன்னும் காதை விட்டுப் போகவில்லை?

ஜூலை 13, ஞாயிறு

இஸ்திரி போடத் தொடங்கிப் பாதியில் விட்டேன். அலமாரியை அடுக்கினேன்; பிடிக்காமல் கலைத்தேன். இறுதியில் சர்க்கரை நீரோடு கண்ணாடிமுன் போய் நின்றேன். நுனியில் இனித்தது. ஓரத்தில் இனித்தது. அடிநாவில் — இனித்தது. வாய் கொப்பளித்துவிட்டு மீண்டும். மீண்டும்.

தங்கை வந்து எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, யாருக்குப் பழிப்புக் காட்டுற?"

"நாக்கை நீட்டு."

"எதுக்கு?"

"நீட்டுடீ!"

கண்ணை மூடச் சொல்லி அவளுடைய அடிநாவில் குச்சியை வைத்தேன்.

"இனிக்குது. இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?"

நுனியில் உப்பு நீரை வைத்தேன்.

"த்தூ, உப்பு! ஏன்க்கா, உனக்கு உடம்பு சரியில்லையா?"

அய்யோ. எத்தனை வருஷமா இதைச் சொல்லிட்டு இருக்கேன்! ஒரு தடவையாவது நாக்குல வச்சுப் பார்க்கணும்னு தோணுச்சா எனக்கு? படிச்சேன், மனப்பாடம் பண்ணேன், அழகா சொன்னேன் — அவ்வளவுதானா?

ஜூலை 15, செவ்வாய்

நூலகத்தில் புதிய நூல்களைப் புரட்டினேன். அவ்வரைபடம் பிழையென்று எப்போதோ நிறுவிவிட்டார்களாம். எனக்கு எடுத்துச் சொல்ல எவருமில்லை என்று தேற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒருத்தி சொன்னாளே? அவளுக்கல்லவா சிவப்பு மை!

வகுப்பில் ஒப்புக்கொண்டால் துறைத்தலைவர் காதுக்கு எட்டும். அவர் காத்திருப்பதே இதற்குத்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால்? அவள் மதிப்பெண் போகும். மூடிக்கொண்டிருக்க முடியுமா என்னால்?

ஜூலை 17, வியாழன்

சொல்லிவிட்டேன். எழுதி ஒத்திகை பார்த்து வைத்திருந்த முன்னுரை பைக்குள்ளேயே இருந்துவிட்டது. "படம் தப்பு. நான் சொன்னதும் தப்பு. வக்கீல் சொன்னதுதான் சரி." இவ்வளவே வந்தது.

அப்படியானால் மற்றவர்களுக்கு எவ்வாறு அவ்வளவு சரியாக வந்தது என்று வினவினேன். முன்வரிசையில் ஒருவன் எழுந்தான்.

"படத்தைப் பார்த்து முதல்லயே கலர் அடிச்சிட்டோம் மேடம். அப்புறம்தான் நக்கிப் பார்த்தோம். டேலி ஆகணும்ல?"

கடிந்துகொள்ள வாயெடுத்தேன். எந்த முகத்தோடு?

வக்கீல் தன் ஏட்டை நீட்டினாள். "அப்ப என் கவனக்குறைவை அடிச்சிடுங்க மேடம்." அடித்துக் கையொப்பமிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

துறைத்தலைவர் அறைக்கு அழைத்தார். "பசங்ககிட்ட தப்புன்னு ஒத்துக்கிட்டீங்களாமே. முறையா காலேஜ்ல வந்து படிச்சிருந்தா இந்தக் கஷ்டம் இருந்திருக்காது பாருங்க." நூலகத்துப் புத்தகத்தை அவர் மேசையில் வைத்தேன். "பாடத்திட்டத்துல என்ன இருக்கோ அதுதான் பாடம்" என்று, திறவாமலே என் பக்கம் தள்ளினார்.

நவம்பர் 5, புதன்

தேர்வு. வினாத்தாள் அவர் அமைத்தது. மேற்பார்வைக்கு நின்ற நான் அங்குதான் முதன்முதலாகப் பார்த்தேன்: 'நாவின் சுவைப் பகுதிகளைப் படம் வரைந்து பாகங்களைக் குறி.' கூடமே தலை தூக்கி என்னைப் பார்த்தது. வக்கீல் எழுந்து நின்றாள்.

"மேடம், இதுக்கு எந்த நாக்கை வரையணும்?"

வினாவை விளக்க மேற்பார்வையாளருக்கு அனுமதியில்லை. கதவருகே துறைத்தலைவர் நின்றிருந்தார்.

"உன் நாக்கை" என்றேன்.

நவம்பர் 19

விடைத்தாள் திருத்துகிறேன். நாக்கில் சுவைக்குச் சுவை சிலர் எல்லைக்கோடு போட்டிருக்கிறார்கள், பலர் போடவில்லை. போடாதவர்களுக்கு முழு மதிப்பெண் அளித்தேன். மறு திருத்தத்துக்குப் போகுமாம். போகட்டும். திரும்பி வந்தாலும் அதே மதிப்பெண்ணைத்தான் போடுவேன்.

ஜனவரி 8, வியாழன்

பணி நிரந்தரமாகவில்லை. இன்னும் ஒரு பருவத்துக்குத் தற்காலிக நீட்டிப்பு. இம்முறை வரலாறு முதலாண்டு மாணவர்களுக்கு உயிரியல். துறைத்தலைவரைத் தங்கை என்னைவிட அதிகமாகத் திட்டித் தீர்த்தாள்.

இன்று இதயம் பற்றிய பாடம். கம்பீரமான தொடக்க வாக்கியம் ஒன்று கைவசம் இருந்தது. சொல்லவில்லை. எல்லோரையும் மணிக்கட்டில் விரல் வைக்கச் சொன்னேன்.

"என்ன வரணும் மேடம்?"

"வந்தா சொல்லுங்க."

விரல்கள் மணிக்கட்டில் இடம் மாற்றி மாற்றித் தேடின. "எனக்கு ஒண்ணுமே தெரியலை மேடம்" என்றான் ஒருவன். அதையே எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவன் கையைப் பிடித்துப் பார்க்க எழுந்து போனேன்.