கடைசிக் கட்டத்தில் நீ எழுதியிருந்தது

ஆகுர்டி லேப்பை அடுத்த கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். அலமாரியைக் காலி செய்யும்போது நம் பழைய ரெஜிஸ்டர் கிடைத்தது. விரித்ததும் சுட்ட ரப்பர் வாசனை. கூடவே உன் கையெழுத்து. எண்களெல்லாம் அச்சடித்த மாதிரி. எண்பது டிகிரிக்கு நேரே, கடைசிக் கட்டத்தில் மட்டும் மராத்தி எழுத்தில் நாலு வரி.

நான் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்த புதிது அது. நீ கட்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி, நானும் அங்கேதான் அறை எடுத்திருந்தேன். தினமும் ஒன்றாக லோக்கல் ரயில் ஏறி ஆகுர்டியில் இறங்குவோம். "ஏ கோயம்புத்தூர், ஜரா சர்கோ, எனக்கும் ஜாகா குடு" என்று மூன்று பேர் சீட்டில் நாலாவதாக உட்காருவாய். இடம் என்ற சொல்லே உன் வாயில் வராது, ஜாகாதான். உன் தமிழைக் கேட்டு நான் சிரிப்பேன், நீயும் சேர்ந்து சிரிப்பாய்.

ஃப்ளோரின் ரப்பர் ஷீட்டை இரும்பு டப்பாவில் இறுக்கி, ஓவனில் வைத்துச் சூடாக்கி, அதனூடே எவ்வளவு வாயு கடக்கிறது என்று அளப்பது நம் வேலை. பெட்ரோலுக்கு அசராத ரப்பர்தான். ஆனாலும் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் உள்ளே நெளிந்துகொண்டே இருக்கும், இடையில் வெற்றிடங்கள் திறந்து மூடும். சூடு கூடக்கூட அவை பெரிதாகும், வாயு சுலபமாக நழுவும். நான் இதைப் புத்தகத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். நீ ரயிலில் வைத்தே முடித்துவிட்டாய்: "லோக்கல் மாதிரிதான்ப்பா. எல்லாரும் அசைஞ்சுட்டே இருக்காங்க, அதான் நடுவுலே ஜாகா ஆவுது. இல்லேன்னா நீ எப்டி இறங்குவே?"

உன் அம்மாவின் ஆபரேஷனுக்காக ஒரு வாரம் லீவில் போனாய். எண்பது டிகிரியில் நீ எடுத்த அளவுகள் என்னுடையதைவிட மிக அதிகமாக இருந்தன. ஷீட்டைச் சரியாக இறுக்கவில்லை, ஓரத்தில் கசிகிறது என்று நானே தீர்மானித்தேன். நீ எழுதியிருந்த குறிப்பைப் படிக்க எனக்கு அந்த எழுத்து தெரியாது. மேனேஜர் மராத்திக்காரர். கண்ணை ஓட்டிவிட்டு, ஒன்றும் புரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். "கசிவு, நம்பத்தக்கதல்ல" என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நீ திரும்பியபோது உன்னை ஷீட் வெட்டும் அறைக்கு மாற்றியிருந்தார்கள். நேரே என்னிடம் வந்தாய்.

"கடைசியிலே எழுதினேனே, படிச்சியா?"

"படிச்சேன்."

படிக்கத் தெரியாது என்று சொல்ல எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. "அப்போ சரி" என்றாய். மறுநாள் காலையும் எனக்கு முன்னால் ஏறி, பையை வைத்து எனக்குச் சீட் பிடித்திருந்தாய். இப்போது நினைத்தால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

கடைசிவரை உனக்கு வெட்டும் அறைதான். போன மழைக்காலத்தில் உலகத்தை விட்டே போய்விட்டாய்.

பதினைந்து வருடமாகப் பஸ் போர்டுகளைப் பார்த்துப் பார்த்து அந்த எழுத்து எனக்கும் வந்துவிட்டது. இன்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். எழுத்துதான் மராத்தி, வார்த்தைகள் தமிழ். தமிழ் எழுதத் தெரியாத நீ, எனக்குப் புரியட்டும் என்று தெரிந்த எழுத்தில் எழுதியிருக்கிறாய். மேனேஜர் வாய்விட்டுப் படித்திருந்தால் அன்றே எனக்குப் புரிந்திருக்கும்.

"ஓவன் எண்பது காட்டுது, ஆனா உள்ளே ஷீட்டு சூடாகலே. டப்பா மொத்தம் கெட்டி இரும்பு. ஒரு மணி நேரம் இருந்துட்டு எடுத்தேன். கோயம்புத்தூர், நீயும் இரு."

நான் இருக்கவில்லை. டயல் எண்பதைத் தொட்டதும் அளந்தவள் நான். சரியாகச் சூடேறாத ரப்பரின் சின்ன வெற்றிடங்களை அளந்துவிட்டு உன்மேல் கசிவைப் போட்டேன். இன்று சாப்பிடப் போகாமல், அதே ஓவனில் ஒரு ஷீட்டை வைத்து, அதன் மேலேயே வெப்பமானிக் கம்பியை ஒட்டி ஒரு மணி நேரம் காத்திருந்தேன். உன் எண்தான் வந்தது. ஓவன் முன்னால் நின்று அழுதேன்.

"படிச்சேன்" என்று உன்னிடம் சொன்ன பொய் என்னோடுதான் இருக்கும். அறிக்கையையாவது திருத்தலாம் என்று ஆவணப் பிரிவுக்குப் போனேன்.

"ரீடிங் கிஸ்கி ஹை, மேடம்?" என்று, அளவு யாருடையது என அங்கிருந்த பெண் கேட்டாள்.

உன் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

"ஔர் கல்தி கிஸ்கி?" தவறு யாருடையது என்றாள்.

என் பெயரைச் சொன்னேன். அவள் பேனா அப்படியே நின்றது. எழுது என்றேன்.