அரச இருக்கையின் குளிரைப் பொறிக்கு ஊட்டிய வழக்கு

மழை தன் நாளில் பெய்க. மலை தன் இடத்தில் நிற்க. உழைக்கும் கைகளுக்கு ஊறு நேராதொழிக.

இரு கடற்கரைகளுக்கும் ஒரு மலைத்தொடருக்கும் காவலராய், அரிமலை நாட்டைக் குடைநிழலில் வைத்திருக்கும் அடலெழில் பெருங்கோவின் திருவுளப்படி, நெடுங்கரைப் பேரமைச்சர் நன்னாகன் எழுதுவித்து விடுக்கும் ஓலை. மேற்குக் கணவாய்க்கோட்டையின் தலைவரும், மூன்று போர்களில் முன்னணியில் நின்றவரும், ஏனாதிப் பட்டம் பூண்டவருமாகிய கொற்றங்கீரனார் தம் சபையோடு நின்று கேட்க. கோட்டைக்கும், கொடிக்கும், அங்குள்ள முந்நூறு வீரர்க்கும், இருநூறு கல்தச்சர்க்கும் நலம் உண்டாகுக. இங்கே வேந்தர் நலம், அரண்மனை நலம், துறைமுகத்தில் காற்று நலம்.

நீர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. அரசத் தேரின் பொறித்தச்சியான சேந்தி என்பவள், வேந்தரின் வாள் வீற்றிருந்த இருக்கைக்கு உரிய குளிரைத் திருடிப் பொறிக்கு ஊட்டினாள் என்றும், குளிர் அரசருக்கே உரியது என்னும் பழைய முறைப்படி அவளுடைய வலக்கைப் பெருவிரலை வரும் முழுமதி நாளன்று களைய அனுமதி வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தீர். எழுத்து நன்றாயிருந்தது. அந்தத் தேர் உமக்கு எதைச் சுமந்து வந்தது என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டீர். மறந்ததை அமைச்சர் இங்கே எழுதுவிக்கிறார்; இது சபையில் உரக்கப் படிக்கப்பட வேண்டும்.

பங்குனி முடிவில் உம் கோட்டையின் நீரேற்று எந்திரத்தில் இருப்புத்தண்டு முறிந்தது. தொட்டியில் நீர் கழுத்தளவிலிருந்து முழங்காலளவுக்கு இறங்கியது. ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு கைச்செம்பு என்று நீரே அளந்து கொடுத்தீர். புதிய தண்டை வார்த்து, இருபத்துநான்கு எருதுகளைப் பூட்டி மேலே அனுப்பினோம். பதினான்கு வளைவுகளில் மூன்றாம் வளைவிலேயே இரண்டு எருதுகள் வாய்நுரை தள்ளி விழுந்து செத்தன. மற்றவை படுத்துவிட்டன, எழவில்லை. அதன் பின்னரே, அரசத் தேரையன்றி வேறு வழியில்லை என்று கண்டு, சேந்தியையும் தேரோட்டி கூத்தாண்டனையும் அவையிலிருந்தே அனுப்பினோம். வேந்தர் ஏறாத தேரில் வேந்தரின் வாள் ஏற வேண்டும், வாள் ஏறிய இருக்கையின்மீது நகர வாயில் முதல் கோட்டை வாயில் வரை குளிர் வீசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது முறையாதலால், வாள் காவலர் ஒருவரும் உடன் சென்றார்.

சேந்தி உலைக்களத்தில் பிறந்தவள். நடக்கப் பழகும் முன்பே இரும்பின் நிறத்தைப் பார்த்து அதன் வெம்மையைச் சொன்னவள் என்று அவளைப் பற்றி உலைக்களத்தார் சொல்வதுண்டு. அதில் பாதியாவது மெய்யாயிருக்கும். தேரின் பொறியை அவள் அறிந்த அளவுக்கு இந்நாட்டில் வேறு எவரும் அறியார்.

பொறியைப் பற்றி, கேட்போர்க்கு விளங்கும்பொருட்டு, சிறிது சொல்ல வேண்டும். எரிநெய்யோடு காற்றும் சேர்ந்து எரிவதால் பொறி ஓடுகிறது. அதிகக் காற்றை உள்ளே திணித்தால் அதிக வலிமை பிறக்கும் என்பதற்காகவே அதன் முகப்பில் காற்றமுக்கி பூட்டப்பட்டிருக்கிறது. ஆனால் காற்றை நெருக்கினால் அது சூடேறுகிறது. சூடேறிய காற்று விரிகிறது. விரிந்த காற்றில் கவளம் பெரிதாகத் தெரிந்தாலும் சோறு குறைவு. வெம்மை இன்னும் மிகுந்தால், எரிநெய் தன் முறைக்கு முன்பே தானாகப் பற்றிக்கொண்டு, தான் எரியும் கலத்துக்குள் யாரோ கல்லால் அடிப்பதுபோல ஓசை எழுப்பும். அந்த ஓசை கேட்ட பிறகும் ஓட்டினால் பொறி உடையும். சித்திரை வெயிலில், இருப்புத்தண்டின் பாரத்தோடு, அந்தச் செங்குத்தில் ஏறியபோது ஒன்பதாம் வளைவில் அந்த ஓசை கேட்டது. சேந்தி தேரை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் கொடுத்தாள்.

அப்போது அங்கே நடந்த பேச்சைக் கூத்தாண்டன் அவையில் தன் வாயாலேயே சொன்னான். மெய் குறையாதிருக்க அது உள்ளபடி எழுதப்படுகிறது.

"ஏ தச்சி, தேருக்கு இருமல் புடிச்சிருச்சு. சுக்குக் கஷாயம் வெச்சுக் குடு" என்றானாம் இவன்.

"உன் வாய மூடு. பாதிச் சூடு அதுலயே கொறையும்" என்றாளாம் அவள்.

அப்படிச் சொன்னவள் பொறியின் மூச்சுக்குழலைத் தொட்டாள், கை பொறுக்கவில்லை. பின்னே சென்று இருக்கையின்மேல் கையை நீட்டினாள். மார்கழி விடியல்போல் இருந்தது. கோட்டையில் ஐந்நூறு பேர் நாக்கு வறண்டு கிடக்க, பொறி மூச்சு முட்டிச் சாக, பட்டு மெத்தைமேல் கிடந்த வாள் ஒன்று குளிர் அனுபவித்துக்கொண்டிருந்தது. உளி, சுத்தி, செப்புக்குழல் எல்லாம் கேட்டாள். வாள் காவலர் பதறினார்.

"அம்மா, அம்மா, வாளுக்குப் புழுங்குமே!"

"எங்கய்யா வேர்க்குது வாளுக்கு? தொடச்சு விடுங்க, பாப்போம்."

குளிர் வரும் குழலை இருக்கையிலிருந்து பிரித்து, மூச்சுக்குழலைச் சுற்றிப் பாம்புபோல் வளைத்துக் கட்டினாள். தேரைப் பின்னோக்கி அடிவாரத்துக்கு இறக்கி, மறுநாள் மீண்டும் ஏற்றினாள். இம்முறை தேர் ஒன்பதாம் வளைவைக்கூட எட்டவில்லை. ஏழாம் வளைவிலேயே திணறி நின்றது.

கூத்தாண்டன் சிரித்தான் என்று அவனே ஒப்புக்கொண்டான். சேந்திக்குச் சிரிப்பு வரவில்லை. குழலைத் தொட்டாள், குளிர்ந்துதான் இருந்தது. கல்லடி ஓசையும் இல்லை. ஆயினும் வலிமை இல்லை. உச்சி வெயிலில் தேரின் அடியில் படுத்து, பொறியை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். குளிரை உண்டாக்கும் குளிர்ப்பொறியை எது சுற்றுகிறது? ஒரு தோல்வார். அந்தத் தோல்வாரை எது இழுக்கிறது? அதே பொறி. ஏற்றத்தில் அந்தப் பொறியிடம் ஒரு கைப்பிடி வலிமைகூட மிச்சமில்லை. குளிர்ந்த காற்றால் பெற்ற பலத்தைக் குளிரை ஆக்கும் வேலையே தின்றுவிட்டது. போதாததற்கு மேலும் கொஞ்சம் தின்றது. தேர்ச்சாலையில் இருபது ஆண்டு வேலை செய்தவள் இதை முன்பே எண்ணியிருக்க வேண்டும். எண்ணவில்லை. அரச இருக்கையின் குளிர் ஒருநாளும் நிற்காது என்று பழகிப்போனதால், அதை நிறுத்தலாம் என்பதே இந்நாட்டுத் தச்சர் எவர் தலையிலும் ஏறியதில்லை. இந்தப் பிழை அவளுடையது மட்டுமன்று, நம் எல்லாருடையதும்.

தேரடியிலிருந்து எழுந்து வந்தவள், "ஏத்தத்துல சமைக்கக் கூடாதுடா. சமதரையில சமைச்சு மூடி வெச்சு, ஏத்தத்துல திங்கணும்" என்றாளாம். பசி மயக்கத்தில் பிதற்றுகிறாள் என்று கூத்தாண்டன் நினைத்துவிட்டான்.

அடிவாரத்தில் உப்பு வணிகர் சாவடி இருக்கிறது. அங்கே ஒரு செப்புக் கொப்பரையையும், உறையாத அளவுக்கு உப்புக் கரைத்த நீரையும், மூன்று மூட்டை உமியையும் வாங்கினாள். கொப்பரைக்குள் குளிர்க்குழலை இறக்கி, அதைச் சுற்றி உமியை அடைத்துக் கோணியால் இறுக்கினாள். அதிலிருந்து உப்புநீரை மூச்சுக்குழலைச் சுற்றி ஓடவிட ஒரு கைச்சுற்றியைப் பொருத்தினாள். தேரை ஆற்றங்கரைக்குத் திருப்பி, அங்கிருந்து அடிவாரம் வரையிலான எட்டுக் காதச் சமதரையில் மெல்ல ஓட்டச் செய்தாள். அந்த வழியில் பொறிக்குப் பாதி வேலைதான். மீதி வலிமை முழுவதும் குளிராகிக் கொப்பரையில் சேர்ந்தது. அடிவாரம் வந்ததும் தோல்வாரை உருவிக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். இனிப் பொறிக்கு ஒரே வேலை, ஏறுவது.

கைச்சுற்றியைச் சுற்ற ஆள் இல்லை. வாள் காவலர் வாளை மடியில் கிடத்திக்கொண்டு தாமே சுற்றினார். இதை அவர் அவையில் சற்றே வெட்கத்தோடும் வெகுவான பெருமையோடும் சொன்னார்.

மூன்றாம் வளைவில் செத்த எருதுகளின் எலும்பைக் கடந்தார்கள். ஏழைக் கடந்தார்கள். ஒன்பதாவதில் மூவரும் பேசாமல் செவி கொடுத்தார்கள், கல்லடி கேட்கவில்லை. மூச்சுக்குழலின்மேல் பனி துளிர்த்துச் சொட்டியது. பன்னிரண்டாவதில் கொப்பரை வெதுவெதுத்தது. சேந்தி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஓட்டுடா, ஓட்டு! நின்னா போச்சு!" என்று கத்தினாள். பதினான்காம் வளைவைத் தாண்டிக் கோட்டை வாயிலில் தேர் நின்றபோது அந்தக் கொப்பரை நீரில் குழந்தையைக் குளிப்பாட்டலாம். ஒரு நாழிகைக்குத் தாங்கும் குளிர் அது. ஏற்றமும் ஒரு நாழிகை. அமைச்சர் இதை மாயம் என்று சொல்லவில்லை. இன்னும் இரண்டு வளைவுகள் இருந்திருந்தால் தேர் நின்றிருக்கும்.

அதன் பின் நடந்ததை நீரே அறிவீர். வாயிலில் தேர் வந்தால் கோட்டைத்தலைவர் இருக்கையைத் தொட்டு, 'குளிர் உண்டு' என்று மும்முறை முழங்க வேண்டும் என்பது முறை. நீர் தொட்டீர், கை சுட்டது. வீரர் முன்னே ஏனாதி கையை உதறியதைக் கண்டு சிலர் சிரித்தார்கள் என்றும் கேள்வி. அன்று மாலைக்குள் தண்டு பொருத்தப்பட்டு, நீர் ஏறி, முதற்குடம் உம்மிடமே வந்தது. குடித்தீர். குடித்து வாயைத் துடைத்த பிறகே விலங்கைக் கொண்டுவரச் சொன்னீர். நீர் குற்றத்தைச் சொன்னபோது அவள், "தண்ணி வருதா இல்லையா, அத மொதல்ல சொல்லுங்க" என்று கேட்டது அவமதிப்பு என்று எழுதியிருக்கிறீர். அவள் உம்மிடம் கேட்டது தன் வேலை முடிந்ததா என்பதை.

கூத்தாண்டன் வாள் காவலரையும் அழைத்துக்கொண்டு இரவு பகல் பாராமல் நான்கு நாளில் நெடுங்கரை வந்து அவையில் விழுந்தான். வழக்கு மூன்று நாள் நடந்தது. முறை முறைதான் என்று வாதிட்ட முதியோர் இருந்தனர். அவர்கள் சொல்லும் முழுதும் கேட்கப்பட்டது. அமைச்சர் பழைய ஆணையோலையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் படிக்கச் செய்தார். வேந்தரின் பாட்டனார், முதுமையில் வெப்பநோயால் வாடிய காலத்தில் எழுதுவித்தது அது. 'இருக்கையில் அமர்பவர் வருந்தாதிருக்க' என்பதே அதன் வாசகம். வாள் என்ற சொல்லே அதில் இல்லை. வாளும் குளிர வேண்டும் என்பது பிற்காலத்தார் தாமே சேர்த்துக்கொண்டது. பெருவிரல் களைவதும் அப்படியே. எந்த ஓலையிலும் அதற்கு ஓர் எழுத்தும் கிடைக்கவில்லை.

சொல்லை மட்டும் நம்பி அமைச்சர் நிற்கவில்லை. நகருக்கு வடக்கே கல்லுடைக்கும் குழியின் சரிவில் இரண்டாம் அரசத் தேரை நிறுத்தி, கூத்தாண்டன் சொன்னபடி சோதனைக்கென ஒரு கொப்பரையும் குழலும் கட்டி, ஒரே பாரத்தை ஏற்றி, வேந்தரின் கண்முன் மும்முறை சோதித்தார். குளிர் இருக்கைக்குச் சென்றபோது தேர் பாதிச் சரிவில் நின்றது. ஏறும்போதே குளிரை ஆக்கிப் பொறிக்குக் கொடுத்தபோது அதற்கும் கீழே நின்றது. முன்னமே சேர்த்த குளிரோடு, தோல்வாரைக் கழற்றி ஏறியபோது, உச்சியைக் கடந்து கல்லுடைப்போர் குடிசை வரை ஓடியது. கல்லுடைப்போர் கூவிய கூவலில் அவையின் முதியோர் பேச்சு அடங்கியது.

ஆதலால் வேந்தரின் தீர்ப்பு இது.

சேந்தி ஒரு குற்றம் செய்தாள். குழலைப் பிரிக்கும் முன் அவைக்கு ஆளனுப்பி அறிவித்திருக்க வேண்டும்; அறிவிக்கவில்லை. அதற்குத் தண்டனையாக, மலைவழி செல்லும் ஏனைய நான்கு அரசத் தேர்களிலும் இதேபோல் கொப்பரையும் குழலும் ஐப்பசி மழைக்கு முன் அவளே பொருத்தித் தர வேண்டும். அந்த வேலைக்கு அவளுக்குப் பத்து விரலும் தேவை. விரலைக் களைந்தால் வேந்தரின் தண்டனையை நிறைவேற்ற முடியாமற் செய்த குற்றம் உம்மைச் சேரும்.

இன்றுமுதல் அரிமலை நாட்டில், ஏறும் தேரின் குளிர் முதலில் பொறிக்குரியது. ஆள் அமர்ந்திருந்தால் அடுத்து ஆளுக்குரியது. அதன் பின்னரும் மிஞ்சினால் வாளுக்கு வீசிக்கொள்ளலாம். வேந்தரே அமர்ந்திருந்தாலும் இவ்வாறே. இதைச் சொன்னபோது வேந்தர் முகத்தில் வருத்தம் எதுவும் காணப்படவில்லை.

இவ்வோலை கண்ட அந்த நாழிகையில், தொட்டியின் கரையில், நீர் குடிக்க வருவோர் அனைவரும் காண, உம் கையாலேயே அவள் விலங்கை அவிழ்க்கக் கடவீர். வேறொருவர் கையால் அவிழ்ப்பது ஏற்கப்படாது. அவளுக்கு வயிறார உணவு அளித்து, அவளுடைய கருவிப்பையை ஒன்றும் குறையாமல் கொடுத்து, தேரோடு அனுப்புவீர்.

ஆணை நிறைவேறியதற்கு அத்தாட்சியாக உம் முத்திரை வேண்டாம். அவள் விரல் போன பின்னும் உம் முத்திரையை நீர் ஒற்ற முடியும். சேந்தியின் வலக்கைப் பெருவிரலை மையில் தோய்த்து, மறுவோலையின் அடியில் அவளே அழுத்திப் பதிக்க, அதை இவ்வோலையைக் கொண்டுவரும் கூத்தாண்டன் கையில் கொடுத்தனுப்புவீர். தேர்ச்சாலையில் அவள் கருவி வாங்கியபோதெல்லாம் வைத்த விரற்பதிவு அமைச்சரிடம் உள்ளது. இரண்டும் ஒத்துப் பார்க்கப்படும். அந்தப் பதிவு இல்லாமல் மறுவோலை வருமாயின், அடுத்த ஓலை கணவாய்க்கோட்டைத் தலைவருக்கே எழுதப்படும். அப்போது அந்தப் பெயர் கொற்றங்கீரன் என்றிராது.

சித்திரைத் திங்கள் வளர்பிறை எட்டாம் நாள், வேந்தர் கேட்டு இசைந்து, மீன்கொத்தி இலச்சினை ஒற்றப்பட்டது.