பன்னிரண்டாயிரம் டாலர் வேலி

ஆங் மோ கியோ, சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்பு மகள் நிரஞ்சனாவுக்கு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் இடது முட்டி மட்டும் எங்களோடு சேராமல் தனியாகப் புலம்பிக்கொண்டிருக்கிறது. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், குளிருக்குக் காலில் சாக்ஸ் போட்டுக்கொள். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே, போனில் எதைக் கேட்டாலும் "மீட்டிங்லா அம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய், வாட்ஸ்அப்பில் எழுதினால் எனக்கு முன்னால் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிடுகிறார். தபால் பெட்டிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது, அதனால் பதிலையும் தபாலிலேயே போடு.

வேலி விஷயத்துக்கு வருகிறேன். நான் நான்கு தடவை கேட்ட பிறகுதான் கொட்டேஷனை அனுப்பினாய், அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முப்பத்து நான்கு மீட்டர் வேலிக்குப் பன்னிரண்டாயிரத்து நானூறு டாலர், அதில் கூலி மட்டும் பாதிக்கு மேல், இரண்டு ஆள் நான்கு நாள் குழி தோண்டுவதற்கு இவ்வளவா, மண்வெட்டியால் தோண்டுகிறார்களா கரண்டியால் தோண்டுகிறார்களா? பழைய வேலியைப் பிடுங்கிக்கொண்டு போகத் தனியாக எண்ணூறு, அந்த மரத்தை வேலிக்காரன் இன்னொரு வீட்டில் விற்பான், எழுதி வைத்துக்கொள். அப்புறம் கடைசி வரியில் "விசேஷ கேட்" என்று ஆயிரத்து எழுநூறு, கேட்டில் என்ன விசேஷம், அது நடனம் ஆடுமா? உங்களைப் பார்த்ததும் விலை தெரியாதவர்கள் என்று தலையில் கட்டுகிறான் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் காசைவிட எனக்கு உறுத்தியது வேறு. மூன்று வருஷமாக அந்த வீட்டின் பின்னால் இடுப்பளவு வேலிதான், அதற்கு அந்தப் பக்கம் குளம், "அம்மா வாத்தைப் பாருங்க" என்று நீதானே வீடியோவில் காட்டுவாய், இப்போது திடீரென்று ஆள் உயரத்துக்கு எதற்கு? பக்கத்து வீட்டோடு சண்டையா, திருட்டு ஏதும் நடந்து மறைக்கிறீர்களா? மாப்பிள்ளையைக் கேட்டேன், "சும்மா அழகுக்குத்தான் அத்தை" என்றார். பத்து டாலர் பார்க்கிங்குக்குப் பயந்து இரண்டு தெரு தள்ளிக் காரை நிறுத்துகிற கபிலன் பன்னிரண்டாயிரத்துக்கு அழகு பார்ப்பாரா? விற்கப்போகிற வீட்டுக்குத்தான் இப்படிப் புதுசு பண்ணுவார்கள் என்று தோன்றியது, ஏன் விற்கிறார்கள், இரண்டு பேரும் பிரியப்போகிறார்களா என்று நினைத்தேன், அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. போன வருஷம் நடந்ததற்குப் பிறகு நீ எல்லாவற்றையும் என்னிடம் பாதிதானே சொல்கிறாய். நீ மூன்று மாதம் என்றதும் நான் சந்தோஷத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன், அது தங்காமல் போனபோது பொங்கோலில் இருக்கிற தங்கம் சித்தி உனக்கே போன் போட்டு என்ன சாப்பிட்டாய், எந்த மாடி ஏறினாய் என்று குடைந்தாள். நீ போனில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. தப்பு என்னுடையது கண்ணு, சித்தி மேல் போட மாட்டேன்.

வியாழக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிவிட்டு, அச்செடுத்து வைத்திருந்த கொட்டேஷனை டெஸ்கர் ரோட்டில் இருக்கிற ஜமால் முகம்மது கடைக்குக் கொண்டுபோனேன். நம் ஜன்னல் கம்பியெல்லாம் அவர் கைவேலைதான். வேலிக்காரன் ஏமாற்றுகிறான் என்று அவர் சொல்வார், உனக்கு உடனே போன் போடலாம் என்று ஆசையாக உட்கார்ந்திருந்தேன். அவரோ, "கூலி நியாயம்தான்கா, நான் ஆறு பேருக்குக் கொடுக்கிறத அங்க ரெண்டு பேருக்குக் கொடுக்கணும், அந்த ஊர் அப்படி" என்றார். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. கேட்டைப் பாருங்கள் என்று விடாமல் காட்டினேன். விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். கம்பிக்குக் கம்பி பத்து சென்டிமீட்டருக்குள், கால் வைத்து ஏற முடியாதபடி குறுக்குச் சட்டமெல்லாம் வெளிப்பக்கம், கதவு தானாக மூடிக்கொள்ளும், தாழ்ப்பாள் என் தோளுக்கு மேலே. படித்து முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி நான்கு வருஷம் ஏழாவது மாடியில் கம்பியே இல்லாமல் இருந்தோம், நீ வயிற்றில் வந்த இரண்டாம் மாதம், என் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை, அதற்குள் உன் அப்பா ஜமாலைக் கூப்பிட்டு எல்லா ஜன்னலுக்கும் கம்பி போடச் சொல்லிவிட்டார். ஜமால் அளவு நாடாவைப் பிடித்தபடி இப்படித்தான் பார்த்துவிட்டு, "எத்தனாவது மாசம்கா?" என்று கேட்டார். உன்னைப் பற்றி முதலில் தெரிந்துகொண்ட வெளி ஆள் கம்பிக்காரர்தான்.

இந்தத் தடவை அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். நிரஞ்சனா நாய் வாங்கியிருக்கிறாள், பெரிய நாய், சதா குளத்தில் குதிக்கிறது என்றேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் அதையே சொன்னேன், தங்கம் சித்திக்கும் அதுதான். அப்பா தினமும் நாய்க்கு என்ன பெயர் என்று கேட்கிறார். சொன்ன பிறகு மனசு அடித்துக்கொண்டது, போயும் போயும் நாய் என்றா சொல்வேன், நேற்று சைனாடவுன் கோயிலுக்குப் போய் மாரியம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அவளிடம் மட்டும் நாய் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அவள் யாருக்கும் போன் போட மாட்டாள்.

நீ எதுவும் சொல்ல வேண்டாம், நானும் கேட்க மாட்டேன். நான் நினைப்பது தப்பாக இருந்தாலும் அந்தக் கேட் இருக்கட்டும், வேண்டிய நாள் வரும். பிடுங்குகிற எண்ணூறுக்கு மட்டும் நன்றாகப் பேரம் பேசு, தாழ்ப்பாளில் ஒரு காசு குறைக்காதே. கனமானதைத் தூக்காதே, வேலிக்காரன் வேலை செய்யும்போது வெயிலில் நின்று காவல் காக்காதே, அதை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். வேலி அழகுக்குத்தான் என்பதை அத்தை நம்பிவிட்டாள் என்று அவரிடம் சொல், பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன்.

அம்மன் துணையாக இருப்பாள், நீங்கள் நன்றாக இருப்பீர்கள். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. மறக்காமல் நாய்க்கு ஒரு பெயர் மட்டும் எழுதி அனுப்பு, அப்பாவுக்குச் சொல்ல வேண்டும்.

இந்தத் தடவை வாய் திறக்காத
உன் அம்மா