கணினி பார்த்த நெஞ்சுவலி

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமா? உன் முழங்கால் வலி குறைந்ததா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஒன்றுமில்லை. போன வாரம் அவசரப் பிரிவில் வேலையாக இருந்தபோது நெஞ்சை அடைப்பதுபோல் இருந்தது. எல்லாருக்கும் ஈசிஜி எடுக்கும் என்னையே தலைமை நர்ஸ் கட்டிலில் படுக்கவைத்துவிட்டார். ஈசிஜியையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்து, சில கேள்விகளும் கேட்டு, இதயத்துக்கு ஆபத்தா என்று சொல்லும் செயற்கை நுண்ணறிவு இங்கே வந்திருக்கிறது. எனக்கு, "ஆபத்து மிகக் குறைவு" என்றது.

"மெஷினே சர்டிபிகேட் குடுத்துடுச்சு, எந்திரிடி!" என்று நர்ஸ் சிரித்தார்.

டாக்டர் மட்டும் அங்கேயே நின்றார். "அப்புறம் ஏம்மா வலிச்சுது? வீட்ல பேச்சுத் துணைக்கு யாராவது இருக்காங்களா?"

கணினி கேட்கும் கேள்விகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அதில் இது கிடையாது. "இருக்காங்க சார்" என்று உன்னை நினைத்துச் சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்குப் படித்துக் காட்டும்போது இதையெல்லாம் விட்டுவிடு.

ஒரே ஒரு உதவி. இனிமேல் பேசி முடித்ததும் போனைத் துண்டித்துவிடாதே. அப்படியே அடுப்பு மேடையில் வைத்துவிட்டுச் சமையலைப் பார். நீ பேசக்கூட வேண்டாம், பாத்திரச் சத்தம் கேட்டால் போதும்.

பஸ் வந்துவிட்டது.

மெஷினிடம் சர்டிபிகேட் வாங்கிய உன் பட்டதாரி மகள்