நீ எழுதிய விண்ணப்பம்

இயேசு மரி சூசை

வீட்டிலிருந்து,
கார்த்திகை 9, ஞாயிறு

அன்பு மகள் ரூபிக்கு,

அப்பா எழுதுகிறேன். என் கையெழுத்தைக் கண்டதும் பயந்துவிடாதே, ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அம்மா சுகம். ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடாய். எனக்கு மட்டும் ஒரு சின்ன விஷயம், அதைப் போகப் போகச் சொல்கிறேன். போனில் சொல்லலாம் என்று மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் "சாப்பிட்டியோ பிள்ளை" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கடிதம் என்றால் நீ இடையில் மறிக்க மாட்டாய். என் குரல் உடைந்தாலும் உனக்குக் கேட்காது.

இங்கே மழை தொடங்கிவிட்டது. கடல் பொல்லாத அடி, பத்து நாளாக ஒரு படகும் இறங்கவில்லை. கரைக்கு உள்ளே களப்புத் தண்ணியில் கொஞ்சம் இறால் படுகிறது, அதில்தான் சீவியம். சந்தியிலிருந்து வீட்டுக்கு வரும் பாதையைக் கேட்காதே. சைக்கிளில் நாங்கள் போனது போய், சைக்கிளை நாங்கள் தோளில் வைத்துக்கொண்டு வருகிறோம்.

போன கிழமை நீ அம்மாவிடம் கேட்டாய், மார்கழி இருபதோடு கொம்பியூட்டர் வகுப்பு முடிகிறது, விடுதியை விட்டு வெளிக்கிட வேணும், ஓட்டோ எப்ப வரும் என்று. ஜவாஹிர் நானா சந்தியில் உள்ள தன்னுடைய போட்டோக்கொப்பிக் கடையில் உனக்கென்று வைத்திருக்கிற வேலை இன்னும் இருக்கிறதா என்றும் கேட்டாய். நான் பக்கத்தில் நின்று "பாப்பம் எண்டு சொல்லு, பாப்பம் எண்டு சொல்லு" என்றேன். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை ரூபி. ஓட்டோ வராது. சங்கத்தின் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். தள்ள வைத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து ஆதியிலிருந்து எழுதுகிறேன். அப்படி எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும். சித்திரையில் கொலின்ஸ் அந்த அரசாங்கப் பத்திரத்தைக் கொண்டுவந்தான். எங்கள் கடற்றொழிலாளர் சங்க மண்டபத்தின் கூரையில் சோலார் தகடு பூட்டித் தருவார்களாம். அந்த வெயிலில் சார்ஜ் ஏறி ஓடும் ஓட்டோ ஒன்றும் தருவார்களாம். பின்பக்கத்தால் ஒரு பலகை இறங்கும், சக்கர நாற்காலியோடு ஆளை அப்படியே உருட்டி ஏற்றலாம். நடக்க ஏலாதவர்கள் இந்தப் பகுதியில் உன்னோடு சேர்த்து ஏழு பேர். சங்கத்துக்குத் தலைவர் நான், செயலாளர் கொலின்ஸ். இரண்டு பேருக்கும் எழுத்து என்றால் காய்ச்சல். அதனால்தான் நெளுக்குளத்தில் இருக்கிற உன்னிடம் அந்த வேலை வந்தது. நீ மூன்று நாள் இருந்து போனிலேயே எழுதி அனுப்பினாய்.

அதைக் கொலின்ஸ் பொதுக்கூட்டத்தில் சத்தமாக வாசித்தான். நல்லாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பஸ் படி எவ்வளவு உயரம், சந்தி எவ்வளவு தூரம் எல்லாம் எழுதியிருந்தாய். பிறகு இது வந்தது: "எனது தந்தைக்கு அறுபத்தேழு வயது. என்னைப் பஸ்ஸில் ஏற்றும்போது அவருடைய கைகள் நடுங்குகின்றன. வலிக்கவில்லை என்று சொல்வார். அதனால் இரண்டு வருடமாக நான் எங்கும் கூட்டிப்போகும்படி அவரைக் கேட்பதில்லை."

முப்பது பேர் இருந்த கூட்டம். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்துச் சிரித்திருந்தாலும் நாலு தூஷணம் சொல்லிவிட்டு மறந்திருப்பேன். எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். வாசித்து முடிந்ததும் கொலின்ஸ் கையெழுத்துக்கு நீட்டினான். "மேலே கூறப்பட்டவை யாவும் உண்மை" என்று இருந்த இடத்தில் கடதாசி கிழியக் கிழியப் போட்டேன்.

அந்தக் கடைசிச் சண்டைக்குள் நீ நாலு வயதுப் பிள்ளை. முதுகில் ஷெல் துண்டோடு உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வட்டுவாகல் பாலத்தைக் கடந்தவன் நான். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், கோயில், கிளினிக், எங்கே போனாலும் இந்தத் தோள்தான். அந்தத் தோளைப் பற்றி என் பிள்ளையே அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாளே என்று எனக்கு ஒரே கொதி. அம்மாவிடம் கத்தினேன். அவ, "உள்ளதைத்தானே பிள்ளை எழுதினவள், இதில உங்களுக்கு என்ன மானம் போட்டுது" என்றா. அதோடு இரண்டு நாள் அவவோடு கதைக்கவில்லை.

ஆவணியில் பார்வையிட வருகிறார்கள் என்று அறிவித்தல் வந்தது. எங்கள் சனத்தை உனக்குத் தெரியும்தானே. நிவாரண வரிசையில் நின்று நின்று அலுத்த ஆட்கள். வெளியிலிருந்து வருகிற ஒருவரும் எங்களைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்லக்கூடாது. மண்டபத்துக்கு வெள்ளை அடித்தோம். கோயில் கதிரைகளைக் கொண்டுவந்து அடுக்கினோம். மின்சார சபை மண்டபத்துக் கரண்ட் வயரை வெட்டி ஒரு வருடமாகிறதே, அது தெரியக்கூடாது என்று கொலின்ஸ் கோயிலிலிருந்து வயர் இழுத்து, திருநாளுக்குப் போடும் கலர் பல்புகளைக் கூரை முழுக்கத் தொங்கவிட்டான். பட்டப்பகல் பதினொரு மணிக்கு மண்டபம் மினுங்கிக்கொண்டிருந்தது. சோலார் கேட்டவர்களின் மண்டபம்! மடையர்கள் நாங்கள்.

வந்தது இரண்டு பேர். கேள்வி கேட்டது ஒரு இளம் பிள்ளை, உன்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். மரியாதையான பிள்ளை. கரண்ட் எப்படி என்று கேட்டா. கொலின்ஸ், "ஒரு குறையும் இல்லை மிஸ்" என்றான். நடக்க ஏலாத ஆட்களை இப்போது எப்படிக் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டா. நான் எழும்பினேன். "எங்கட ஊரில தூக்க ஆளில்லையெண்டோ நினைச்சீங்கள்?" என்று கேட்டுக்கொண்டு அப்புத்துரையிடம் போனேன். வற்றாப்பளையிலிருந்து வந்து எங்கள் பின்வளவில் இருக்கிறானே, இரண்டு காலும் இல்லாதவன், அவனைத்தான். நானும் கொலின்ஸும் இன்னும் இரண்டு பெடியளும் அவனைக் கதிரையோடு தூக்கி ட்ரக்டர் பெட்டியில் வைத்தோம். ஒரு நிமிஷம் செல்லவில்லை. சனம் கை தட்டியது. அப்புத்துரை மேலே இருந்துகொண்டு மாப்பிள்ளை மாதிரிக் கை காட்டினான். அந்தப் பிள்ளை படம் எடுத்தா.

பிறகு அவ என்னைத் தனியக் கூப்பிட்டா. "ஐயா, உங்கட மகள் வேற மாதிரி எழுதியிருக்கிறா. வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ, நான் எதைப் பதியிறது" என்று கேட்டா. ரூபி, அந்த இடத்தில் ஒரு சொல் போதும். நான் சொன்னது இதுதான்: "அவள் சின்னப் பிள்ளை மிஸ், உள்ளதைக் கூட்டி எழுதிப்போட்டாள்."

அவ உடனே எழுதவில்லை. நான் கணவாய்க் கறி ஆறுகிறது, சாப்பிட வாங்கோ என்றேன்.

அந்தச் சின்ன விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்புத்துரையைத் தூக்கும்போது என் நாரியில், முதுகு முடிகிற இடத்தில், களுக் என்று ஒரு சத்தம். வெளியே காட்டவில்லை, நின்றுகொண்டே சாப்பிட்டேன். அடுத்த நாள் பாயிலிருந்து எழும்ப முடியவில்லை. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த டொக்டர், இனித் தண்ணி வாளி கூடத் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். இதை உனக்குச் சொல்லக்கூடாது என்று அம்மாவைச் சத்தியம் பண்ண வைத்தேன். புரட்டாதியில் உன்னைப் பார்க்க வந்தபோது, வழக்கம்போல உன்னைக் கட்டிலில் தூக்கி இருத்தாமல், பஸ்ஸுக்கு நேரம் போகிறது என்று ஓடிவந்துவிட்டேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. உனக்கு அப்போதே விளங்கியிருக்கும்.

ஐப்பசி இருபதாம் திகதி பதில் வந்தது. போக்குவரத்து திருப்தி என்று போட்டிருந்தார்கள். மின்சாரம் திருப்தி. அதற்குக் கீழே, "விண்ணப்பத்தில் கூறப்பட்டவை நேரில் கண்டவற்றுடன் பொருந்தவில்லை." விண்ணப்பத்தைத் தயாரித்தவர் என்று உன் பெயர், அ. ஜெயரூபினி. என் பிள்ளை பொய் எழுதினவள் என்று அரசாங்கக் கடதாசியில் அச்சடித்து வந்திருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுத்தது நான். மூன்று வருடத்துக்கு எங்கள் சங்கம் திரும்பக் கேட்கவும் ஏலாது.

மேன்முறையீடு செய்யப் பதினாலு நாள் தந்திருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடிதத்தை மாதா சுரூபத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஒவ்வொரு நாளும் செபத்துக்கு முழந்தாளிடும்போது அதன் மூலை தெரியும். நாளைக்குக் கொலின்ஸிடம் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம் என்று இருந்தேன். பதினாறாம் நாள் தூசு தட்டும்போது அம்மா எடுத்துவிட்டா. வாசித்தா. ஏசுவா என்று பார்த்தேன், ஏசவில்லை. என் சேர்ட்டை எடுத்துக் கட்டிலில் போட்டு "வெளிக்கிடுங்கோ" என்றா.

இரண்டு பஸ் மாறி அவர்களுடைய அலுவலகத்துக்குப் போனோம். நாரிக்குப் பட்டி கட்டிக்கொண்டு நின்றேன். நான்தான் பிழையாகச் சொன்னேன், பிள்ளை எழுதியதுதான் சரி, இதிலேயே எழுதித் தருகிறேன் என்று கெஞ்சினேன். அந்த இளம் பிள்ளை மாற்றலாகிப் போய்விட்டாவாம். இருந்தவர் தன்மையான மனிசன். "ஐயா, தவணை முடிஞ்சுது, எங்களுக்கு ஒதுக்கினது வேற இடத்துக்குப் போட்டுது. இனி எழுதித் தந்தும் ஒண்டுக்கும் ஏலாது" என்றார். திரும்பும்போது அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தா.

அப்புத்துரையிடம் போய்ச் சொன்னேன். என்னை ஏசினால் நல்லது என்று நினைத்தேன். "விடுங்கோ அண்ணை, நானும் மேல இருந்து கை காட்டினனான்தானே" என்றான். மற்ற ஐந்து வீட்டுக்கும் இன்னும் போகவில்லை. ஜவாஹிர் நானா, தை பிறந்தால் வேறு ஆளைப் போடத்தான் வேணும் என்று சொல்லிவிட்டார். அவரைப் பிழை சொல்ல ஏலாது, ஐந்து மாதம் அந்தக் கதிரையை வெறுமனே வைத்திருந்தவர். அன்றைக்கு என்னோடு தூக்கிய பெடியள் இரண்டு பேரும் வெளிநாடு போய்விட்டார்கள். கொலின்ஸும் தையில் போகிறான். தூக்க ஆளிருக்கிறது என்று மார்தட்டின ஊரில் இப்போது பெட்டி படுக்கை தூக்கத்தான் ஆள் இருக்கிறது.

அதனால் மார்கழியில் வீட்டுக்கு வர வெளிக்கிடாதே பிள்ளை. இதை எழுத மூன்று கடதாசி கிழித்தேன். விடுதிச் சிஸ்டரோடு அம்மா கதைத்திருக்கிறா, உயிர்த்த ஞாயிறு வரைக்கும் உன்னை வைத்திருக்கலாமாம். அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது. பாலன் பிறக்கிற நத்தாருக்கு முதல் நாள் நானும் அம்மாவும் அங்கே வருகிறோம், பின்னேரம் ஐந்து மணி வரைக்கும் கூட இருக்கலாம் என்று சிஸ்டர் சொன்னாவாம். அம்மா பலகாரம் சுடுவா. குட்டிகளைப் படம் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

நான் வரும்போது நீ என்னோடு கதைக்காமல் இருந்தாலும் எனக்குக் கோபம் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த விண்ணப்பத்தை உன் போனிலிருந்து அழித்துவிடாதே. அதில் என்னைப் பற்றி எழுதிய இடத்தை எனக்கு ஒருதரம் நீயே வாசித்துக் காட்டு. அன்றைக்கு எனக்குக் கொதியில் ஒன்றும் மனதில் ஏறவில்லை. நீ என்னைக் கேட்காமல் இருந்த அந்த இரண்டு வருடத்தை நான் கேட்க வேண்டும். இனி என்னைக் கேட்டாலும் என்னால் ஏலாது, ரூபி.

தேவமாதா உன்னைத் தன் கையில் தூக்கி வைத்திருக்கட்டும்.

என் மகள் எழுதியவை யாவும் உண்மை என்று உறுதிப்படுத்தும்,
உன் அப்பா
சூ. அருளப்பு