கழுதைக்குட்டியைப் பார்த்து நீங்கள் சிரித்த சிரிப்பு

அன்புள்ள அக்கா,

மொட்டை மாடியில் நின்றிருந்த ஆன்டெனா கம்பத்தை இன்று காலை இறக்கிவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டி வைக்க இடம் வேண்டும் என்று என் பெரியவன் ஆள் கூட்டிவந்தான். துருப்பிடித்த கம்பம் தரையில் விழுந்த சத்தம் கேட்டு அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். காற்றில் திரும்பாமல் இருக்க நீங்கள் முறுக்கிய கட்டுக்கம்பி அதில் அப்படியே இருந்தது. ஆண்கள் கடைக்குப் போன நேரத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாடியேறியவர் நீங்கள்தான். கீழே ஜன்னலோரம் நின்று, "இன்னும் கொஞ்சம் மலைப்பக்கம் அக்கா... போதும், போதும், தெரியுது" என்று கத்தியவள் நான்.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு நம் பாத்திரக் கடையில் வியாபாரம் நன்றாக நடந்தது. அந்தச் சந்தோஷத்தில் மாமா, உங்கள் வீட்டுக்காரர், கதவு வைத்த கறுப்பு வெள்ளை டிவிப் பெட்டி ஒன்றை வாங்கிவந்தார். நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். எனக்கு இரண்டு பிள்ளைகள், உங்களுக்கு இல்லை. இந்த வீட்டில் அப்போது எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். கழுதைக்குட்டிப் பேச்சும் அப்படித்தான் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகளுக்கென்று டில்லியிலிருந்து போட்ட பொம்மைப் படம் அது. வாராவாரம் வரும். பேச்செல்லாம் இந்தி. அதன் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் அது கழுதைக்குட்டிப் படம். ஒரு குட்டி ஊர் ஊராகப் போகும். ஏதாவது ஒரு வீட்டில் ஒண்டிக்கொள்ளும். பின்னாலேயே தொப்பி வைத்த நெட்டை ஆள் ஒருவன் கையை நீட்டிக்கொண்டு வருவான். அவனைக் கண்டதும் குட்டி வேலியைத் தாண்டப் பார்க்கும். விழும், எழும், மறுபடி விழும். ஒருவழியாகத் தாண்டியதும் அந்த வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அவ்வளவுதான் படம்.

அதற்குத் தெருவில் எத்தனை அபிப்பிராயங்கள்! "கழுதையப் பாக்க பொட்டி எதுக்கு? ஏரிக்கரைக்குப் போனா நேர்லயே பாக்கலாமே" என்பார் அத்தை. எதிர்வீட்டு வாத்தியார் ஒரு வாரம்கூட விடாமல் வந்து பார்ப்பார். பார்த்து முடித்ததும், "இதுல நீதினு ஒண்ணும் இல்லியே, எதுக்குப் போடறான்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போவார். என் சின்னவனுக்கு அந்த நெட்டை ஆள் என்றால் பயம். எனக்கோ, குட்டி வேலியில் இடறி விழும் இடம் வந்தால் அழுகை வந்துவிடும். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தால், அதே இடத்தில் நீங்கள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு ஒன்றும் விளங்காது.

ஒரு தடவை சின்னவன் தூக்கத்தில் "கை வருது, கை வருது" என்று அலறினான். மறுநாள் உடம்பு கொதித்தது. அத்தை கோயிலுக்குப் போய் விபூதி வாங்கிவந்து பூசினார். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் டிவிப் பெட்டியின் கதவை இழுத்துச் சாத்தினார்.

"இனிமே அந்தக் கழுதை இந்த வூட்ல ஓடக்கூடாது."

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நீங்கள் சமையலறையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தீர்கள். நேராகப் போய்ப் பெட்டியின் கதவைத் திறந்தீர்கள்.

"நான் பாக்கணும் அத்தை."

எனக்கு இது வேண்டும் என்று நீங்கள் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. பண்டிகைப் புடவையைக்கூட எங்களையெல்லாம் எடுக்கவிட்டு, மிச்சமானதைக் கட்டிக்கொள்பவர் நீங்கள்.

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. "புள்ள இல்லாதவளுக்குக் கழுதைக்குட்டியும் கொழந்தையாத் தெரியுதோ?"

மாமா செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. நான் சுவரோடு சுவராக நின்றேன். நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் குமிழைத் திருகிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னீர்கள்.

"அதெல்லாம் இல்ல அத்தை. அது வுழுந்து வுழுந்து எழுந்திரிக்கறது சிரிப்பா இருக்குது. அவ்ளோதான்."

அதன்பிறகு ஞாயிறுதோறும் நான் பிள்ளைகளை மாடிக்குக் கூட்டிப்போய்விடுவேன். கீழே நீங்கள் சத்தத்தைக் கம்மியாக வைத்துக்கொண்டு தனியாகப் பார்ப்பீர்கள். உங்கள் சிரிப்பு மாடிப்படி வரைக்கும் கேட்கும். அதைக் கேட்டுக் கேட்டுப் பெரியவன் இறங்கிப் போனான். அவன் பின்னால் சின்னவன். கடைசியில் நானும் வந்து உட்கார்ந்தேன். அத்தை உட்காரும் நாற்காலியும் மெல்லப் பெட்டிப் பக்கம் திரும்பிவிட்டிருந்தது.

அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, நம் தெருவில் இருந்த பாய் வீட்டம்மா வந்திருந்தார். வீட்டில் உருது பேசுகிறவர், அதனால் படத்தின் பேச்சு அவருக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அந்த நெட்ட ஆளு கெட்டவன் இல்லம்மா. அவன்தான் குட்டிய வளத்தவன். தொலைஞ்சு போச்சேனு ஊர் ஊரா தேடறான்" என்றார்.

எங்கள் எல்லோருக்கும் தலை சுற்றியது. "தேடி வர்றவன் இருக்கச்சொல்ல அது ஏன் ஓடுது?" என்றார் அத்தை. "நல்லவன்னா கை ஏன் அவ்ளோ நீளம்?" என்றான் சின்னவன். இத்தனை வாரமும் எதற்காக அழுதோம் என்று எனக்கே குழம்பிப் போயிற்று. நீங்கள் மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதுக்கு அவன் வேணாமோ என்னமோ" என்று சொல்லிவிட்டு, குட்டி இடறி விழுந்ததும் மறுபடி சிரித்தீர்கள்.

அன்று சாயங்காலம் துவைக்கிற கல்லில் நாம் இருவர் மட்டும் இருந்தோம். மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன்.

"அக்கா, நெஜமாவே உங்களுக்குச் சிரிப்புதான் வருதா?"

நீங்கள் துணியைப் பிழிந்து வாளியில் போட்டீர்கள். "எல்லாரும் என்னியே கேளுங்க. உனுக்கு ஏன் அழுகை வருது? மொதல்ல அதச் சொல்லு."

இரண்டு பிள்ளைகள், ஏச்சுப் பேச்சு இல்லாத வாழ்க்கை. நான் ஏன் அழ வேண்டும்? மிச்சத் துணியை அலசினேன். வாளியின் ஒரு பக்கத்தை நீங்களும் மறுபக்கத்தை நானுமாகத் தூக்கிக்கொண்டு கொடிக்குப் போனோம்.

ஒரு ஞாயிறு அந்த நேரத்தில் வேறு ஏதோ போட்டார்கள். கழுதைக்குட்டி அப்புறம் வரவேயில்லை. கதை முடிந்ததா, பாதியில் நிறுத்தினார்களா, யாருக்கும் தெரியாது. பிறகு அண்ணன் தம்பிகள் கடையைப் பிரித்துக்கொண்டார்கள். நீங்களும் மாமாவும் கீழ்பென்னாத்தூருக்குப் போனீர்கள். மாமா காலமான பிறகும் இங்கே வர மாட்டேன் என்று அங்கேயே தனியாக இருந்தீர்கள்.

போன தை மாதம் உங்களைப் பார்க்க வந்தேனே, படுக்கையில் இருந்தீர்கள். ஏதேதோ பேசிவிட்டு, "அந்தக் கழுதைக்குட்டிப் படத்துல அப்படி என்னக்கா சிரிப்பு உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"எந்தக் கழுத?"

உங்களுக்கு நினைவே இல்லை. இத்தனை காலம் நான் மனதில் போட்டு உருட்டியதை நீங்கள் எப்போதோ மறந்துவிட்டிருந்தீர்கள். முதலிலிருந்து கதையைச் சொன்னேன். விழுந்து எழும் இடம் வந்ததும் நீங்கள் சிரித்தீர்கள், அதே சிரிப்பு. இருமல் வந்துவிட்டது.

"அப்புறம்? அவன் புடிச்சானா இல்லியா?"

"தெரியலக்கா."

"இத்தினி வருசமா தெரியாமயா இருந்த?" என்று என்னை முறைத்தீர்கள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒரு மாதத்தில் தகவல் வந்தது. உங்கள் வீட்டு வாசலில் பெண்கள் கூடி உட்கார்ந்திருந்தோம். யாரோ ஒரு அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, "பாவம், புள்ளகுட்டி இல்லாம ஒண்டியாவே போய்ச் சேந்துட்டா" என்றார்.

"பாவம்னு சொல்லாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப வேற என்னானு சொல்றது?" என்று அந்த அம்மா கேட்டார். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை.

இன்னும் வரவில்லை அக்கா. பாத்திரம் துலக்கும்போதும், பஸ்ஸில் போகும்போதும் ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்க்கிறேன். ஒன்றும் உங்களுக்குப் பொருந்த மாட்டேன் என்கிறது.

இப்படிக்கு,
உங்கள் ஓரகத்தி